நடிக்க வராதவர்களுக்கு ஒதுக்கிய இடமா மேடைப் பின்புறம்?



ஒவ்வோர் ஆண்டும் தமிழ்மொழி விழா நெருங்கும்போது சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது. "குரல் நன்றாக உள்ளவர்களை நடிக்கப் போடுங்கள், மற்றவர்களைத் திரைக்குப் பின்னால் போடுங்கள்." கேட்பதற்கு இது வெறும் வேலைப் பங்கீடு போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு தீர்ப்பு. மேடையில் நிற்பவன் திறமையாளன், மேடைக்குப் பின்னால் நிற்பவன் எஞ்சியவன் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையின் காதுபடச் சொல்லும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் விண்ணப்பம். நான்கு ஆண்டுகளாகத் தமிழ் நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்றவள் அவள். ஒரு முறைகூட முகத்தில் ஒப்பனை பூசிக்கொண்டதில்லை. பூசிக்கொள்ள விரும்பியதும் இல்லை. "சார், நான் மேடை மேலாண்மை படிக்கப் போகிறேன்" என்று சொன்னாள். 'ஸ்டேஜ் மேனேஜர்' என்று நாம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட அந்தப் பணிக்குக் கல்லூரியில் படிப்பு உண்டு என்பதே அவளுடைய பெற்றோருக்குப் புதிய செய்தி. தந்தையார் என்னிடம் கேட்டார்: "சார், திரை இழுக்கவுமா காலேஜ்ல சொல்லிக் கொடுக்கிறாங்க?"

அவர் கேலி செய்யவில்லை. அறியாமல் கேட்டார். ஆனால், நாடகப் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்வோம்?

மேடை மேலாளர் என்ன செய்கிறார்?

ஒத்திகை தொடங்கும் நாள்முதல், கடைசிக் காட்சி முடிந்து அரங்கம் காலியாகும்வரை ஒரு நாடகத்தின் நினைவாற்றலாக இருப்பவர் மேடை மேலாளர். ஒத்திகை அட்டவணையை வகுப்பவர் அவர். மேடை அமைப்பின் அளவுகளை ஒத்திகை அறையின் தரையில் ஒட்டுநாடாவால் வரைந்து, "இங்கே கதவு, இங்கே படிக்கட்டு" என்று நடிகர்களுக்குக் காட்டுபவரும் அவரே. எந்த வசனத்தின்போது யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வார். ஒவ்வோர் ஒத்திகைக்குப் பின்னும் அறிக்கை எழுதி, ஒளியமைப்பாளர், ஒலியமைப்பாளர், உடைப் பொறுப்பாளர் எல்லாருக்கும் அனுப்புவார். இவை அனைத்தும் சேரும் தடித்த கோப்புக்கு 'பிராம்ப்ட் புக்' என்று பெயர். மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டாலும், வேறொருவர் அந்தக் கோப்பை வைத்து அன்றைய நாடகத்தை நடத்திவிட முடியவேண்டும். அதுவே அந்தக் கோப்பின் இலக்கணம்.

நாடகம் மேடையேறிய பிறகு இயக்குநரின் வேலை முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அவர் பார்வையாளரோடு பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். அன்றைய காட்சியை நடத்துபவர் மேடை மேலாளர்தான். காதில் ஹெட்செட், கண்முன் கோப்பு. "விளக்கு இருபத்து மூன்று, ஸ்டேண்ட்பை" என்பார். விளக்குப் பலகையில் இருப்பவர் தயாராவார். உரிய சொல் நடிகர் வாயிலிருந்து வந்ததும் "கோ" என்பார், விளக்கு மாறும். அரை நொடி பிந்தினால் அழவேண்டிய இடத்தில் அரங்கம் சிரிக்கும். அந்தக் 'கோ' என்ற சொல்லை வேறு பேச்சில் தவறியும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஹெட்செட்டில் அதைத் தவிர்த்தே பேசப் பழகியிருப்பார்கள். திரை இழுப்பது வேறு. எப்போது இழுக்கவேண்டும் என்று அறிந்து கட்டளையிடுவது வேறு.

அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்னும் தொழிற்சங்கத்தின் பெயரில் நடிகர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஆனால், நடிகர்களோடு மேடை மேலாளர்களும் அதே சங்கத்தின் உறுப்பினர்கள். அங்கே ஒரே சங்கத்தில் சமமாக நிற்கும் இருவரை நாம் நம் பள்ளி மேடையில் திறமையாளன், எஞ்சியவன் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

கல்லூரிகள் எதைக் கேட்கின்றன?

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். பெற்றோர் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது.

அமெரிக்காவிலேயே முதன்முதலாக நாடகத்துக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது பிட்ஸ்பர்க் நகரில் இன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனம். ஆண்டு 1914. அங்கே மேடை மேலாண்மை தனிப் பிரிவு. சிட்னியில் உள்ள நிடா என்னும் தேசிய நாடகக் கலைக் கழகத்திலும் அரங்கத் தொழில்நுட்பம், மேடை மேலாண்மை ஆகியவற்றுக்கு இளங்கலைப் பட்டப்படிப்பு உண்டு. அவ்வளவு தொலைவு செல்லவேண்டியதும் இல்லை. இங்கேயே லாசால் கலைக் கல்லூரி அரங்கத் தயாரிப்பையும் மேலாண்மையையும் பட்டயப் படிப்பாகக் கற்பித்து வந்திருக்கிறது. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி கலை, அரங்க மேலாண்மைக்கென்று பட்டயப் படிப்பு நடத்தி வந்திருக்கிறது. லாசாலும் நாஃபாவும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இறுதித் தேர்வு முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடமளிக்கும் முறை 2016இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இத்தகைய படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையை நடித்துக் காட்டச் சொல்வது வழக்கமன்று. நடிப்புக்கு வருபவர்களுக்கே நடிப்புத் தேர்வு. மேலாண்மைக்கு வருபவர்களிடம் பொதுவாகக் கேட்கப்படுபவை இரண்டு: ஒரு நேர்காணல், ஒரு படைப்புத் தொகுப்பு. தொகுப்பில் என்ன வைப்பது? நீ வேலை செய்த நாடகத்தின் ஒரு பக்கத்தை, விளக்கு, ஒலிக் குறிப்புகளோடு காட்டு. ஒத்திகை அட்டவணை காட்டு. மேடையின் தரை வரைபடம் காட்டு. அரங்கப் பொருள்களின் பட்டியல் காட்டு. ஓர் ஒத்திகை அறிக்கை காட்டு. நேர்காணலில் கேட்பார்கள்: "காட்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒன்று தவறிப்போனது. நீ என்ன செய்தாய்?" புகழ்பெற்ற அரங்கில் வேலை செய்தாயா என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி மண்டபத்து நாடகம் போதும். ஆனால், அதற்குத் தாளில் சான்று வேண்டும்.

என் மாணவியிடம் அந்தச் சான்று ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டு உழைத்தவள் அவள். போட்டியில் பரிசு வாங்கிய இரண்டு நாடகங்கள் அவற்றுள் அடக்கம். கைவசம் இருந்தவை இரண்டு சான்றிதழ்கள். இரண்டிலும் ஒரே வரி: "நாடகத்தில் உதவினார்."

யாருக்கு உதவினார்? எதில் உதவினார்? தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தாரா? பதினெட்டு நடிகர்களையும் நாற்பது விளக்கு மாற்றங்களையும் நடத்திச் சென்ற பிள்ளையின் உழைப்பை 'உதவினார்' என்னும் ஒற்றைச் சொல்லில் புதைத்துவிட்டு, பிறகு "இந்தப் படிப்பில் இடம் கிடைக்காது" என்று கைவிரிப்பது எந்த வகை நியாயம்? இடம் கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் அவள் தகுதியின்மையா? தகுதியைப் பதிவு செய்யாத நம் வழக்கமா?

நம் மேடைகளில் என்ன நடக்கிறது?

பள்ளி நாடகங்கள் நடக்கும் விதத்தை ஒளிவின்றிப் பார்ப்போம். எழுதுபவர் ஆசிரியர். இயக்குபவர் ஆசிரியர். ஒத்திகை நேரத்தைக் குறிப்பவரும் ஆசிரியர். நாடகத்தன்று விளக்குப் பலகை அருகே நின்று, வாத்தியம் இசைப்பவருக்கு ஒரு கையாலும் திரைக்காரருக்கு மறு கையாலும் சைகை காட்டுபவரும் ஆசிரியரே. திரைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள் நாற்காலி தூக்குகிறார்கள். கோப்பு என்று ஒன்று இல்லை. எல்லாம் ஆசிரியரின் தலைக்குள் இருக்கிறது. நாடகம் முடிந்த மறுநாள் அது அங்கிருந்தும் மறைந்துவிடுகிறது.

"பரிசு முக்கியம், நேரம் குறைவு, பிள்ளைகளை நம்பி விடமுடியாது" என்பார்கள். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால், கணக்குப் பாடத்தில் நேரம் குறைவு என்பதற்காகப் பிள்ளையின் கணக்கை ஆசிரியரே போட்டுக் கொடுப்பாரா? மேடையில் தடுமாறும் நடிகனை இருபது முறை திருத்தும் பொறுமை நமக்கு இருக்கிறது. விளக்குக் குறிப்பை ஒரு முறை தவறவிட்ட பிள்ளையிடமிருந்து கோப்பைப் பிடுங்கிக்கொள்கிறோம். சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர், சிறந்த கதை என்று பரிசுகளை அடுக்கும் போட்டிகளில் சிறந்த மேடை மேலாண்மைக்குப் பரிசு இருந்ததை நான் பார்த்ததில்லை. பரிசு இல்லாத இடத்தில் பெருமை இல்லை. பெருமை இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் எப்படி முன்வருவார்கள்?

இளங்கோவடிகள் எங்கிருந்து தொடங்கினார்?

தமிழாசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன் இளங்கோவடிகள் எவற்றையெல்லாம் சொல்கிறார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் மீட்டுபவன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் வரிசையாகச் சொல்கிறார். பிறகு அரங்கம். அதை அளக்கும் கோலின் நீளம் இருபத்து நான்கு விரல். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்குகளை எங்கே வைப்பது என்பதுவரை குறித்திருக்கிறார்.

இது மேடைத் தொழில்நுட்பக் குறிப்பு அன்றி வேறென்ன? காப்பியத் தலைவியருள் ஒருத்தி ஆடும் முதல் ஆட்டத்துக்கு முன், விளக்கு வைக்கும் இடத்தைச் சொல்லாமல் கதையை நகர்த்த அந்தப் பெரும்புலவர் விரும்பவில்லை. அந்தப் பாடலை வகுப்பில் நடத்தி "அன்றே தமிழன் அரங்கம் அளந்தான்" என்று மார்தட்டிவிட்டு, மாலையில் அரங்கை அளக்க வரும் பிள்ளையை 'நடிக்க வராதவள்' என்று ஓரங்கட்டுகிறோம். வடமொழி நாடக மரபில் ஆட்டத்தை நடத்திச் செல்பவனுக்குச் சூத்திரதாரன் என்று பெயர். நூலைப் பிடித்திருப்பவன் என்பது பொருள். நூலைப் பிடித்திருப்பவனுக்கு மரபு கொடுத்த மதிப்பை நாம் ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

பெற்றோர் எழுப்பும் தடைகள்

மாணவியின் வீட்டிலும், அதன்பின் வேறு பெற்றோர் சிலரிடமும் நான் கேட்ட தடைகளுக்கு விடை சொல்லவேண்டும்.

"சோறு போடுமா?" என்பது முதல் கேள்வி. நேர்மையாகச் சொல்கிறேன்: இது நிரந்தரச் சம்பளம் உறுதியான துறை அன்று. பலர் ஒப்பந்த முறையில் வேலை செய்கிறார்கள். 2020இல் கொவிட் பரவி அரங்குகள் மூடப்பட்டபோது இந்தத் துறையினர் கடுமையாக அடிபட்டார்கள். அதை மறைத்துப் பிள்ளையை அனுப்பச் சொல்பவன் நான் அல்லன். ஆனால், 2002இல் எஸ்பிளனேட் திறக்கப்பட்டது. 2010இல் மரினா பே சாண்ட்ஸ் வந்தது. 2022இல் எஸ்பிளனேட் வளாகத்திலேயே நீர்முகத்தில் புதிய அரங்கு ஒன்றும் எழுந்தது. அரங்குகள் தவிர மாநாடுகள், விருது விழாக்கள், தேசிய தின அணிவகுப்பு என, குறித்த நொடியில் குறித்த செயல் நடக்கவேண்டிய இடங்களில் எல்லாம் இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. நடிப்புத் துறையோடு ஒப்பிட்டால் இதற்குப் போட்டியிடுவோர் குறைவு. "நடிகையாகப் போகிறேன்" என்று மகள் சொன்னால் அச்சப்படுவதில் ஒரு காரணமாவது இருக்கும். மேலாளராகப் போகிறேன் என்பவளிடம் அதே அச்சத்தைக் காட்டுவது, எதைக் கண்டு அஞ்சுகிறோம் என்று அறியாத அச்சம்.

"பெண் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவதா?" என்பது இரண்டாவது. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் தாதியரும் நம் வீட்டுப் பெண்கள்தாம். அவர்களைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். இரவு ஒன்றுதான், மதிப்புத்தான் வேறாக இருக்கிறது.

"மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் படிப்பு" என்பது மூன்றாவது. ஒரு பக்க வசனத்தில் பன்னிரண்டு குறிப்புகளைப் படித்துக்கொண்டே, மேடையைப் பார்த்துக்கொண்டே, காதில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, பதற்றம் குரலில் தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று, இதைச் சொல்பவர் ஒரு முறை முயன்று பார்க்கட்டும்.

"தமிழுக்கு இதனால் என்ன பயன்?" என்பது கடைசிக் கேள்வி. ஆசிரியர்களே இதைக் கேட்பதுதான் வேதனை. தமிழ் நாடகங்களுக்கு இன்று ஆங்கிலத் துணைவரிகள் திரையிடப்படுகின்றன. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "உன் அண்ணன் நேற்று ராத்திரி என்னிடம் வந்து..." என்று நடிகர் இழுத்து நிறுத்துகிறார், அரங்கம் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறது. தமிழ் அறியாதவர் துணைவரியை இயக்கினால், முழு வாக்கியமும் முன்கூட்டியே திரையில் விழுகிறது. நடிகர் வாய் திறப்பதற்குள் பாதி அரங்கம் சிரித்து முடிக்கிறது. விளக்கு மாற்றமும் அப்படித்தான். நம் வாக்கியம் எங்கே முடிகிறது என்று அறிந்தவர் காதுக்கே அந்த நொடி தெரியும். மறைந்த நாடகமேதை குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய நாடகத்தில், தொலைந்த பூனையைத் தேடும் ஹொக்கியன் பேசும் தாய், தமிழ் பேசும் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். பல மொழிகள் ஒரே மேடையில் கலக்கும் அத்தகைய நாடகங்கள் பிறந்த நாடு இது. இங்கே தமிழறிந்த மேடை மேலாளர் இல்லாமல் போனால், தமிழ் வசனத்துக்கு உரிய நொடியைக் காப்பவர் யார்?

செய்யவேண்டியவை

குறை சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. அடுத்த நாடகத்திலிருந்தே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். இவற்றுள் எதற்கும் கூடுதல் பணம் தேவையில்லை.

1. ஒத்திகையின் முதல் நாளிலேயே ஒரு பிள்ளையை மேடை மேலாளராகப் பெயர் சொல்லி அறிவியுங்கள். மிஞ்சியவர்களிலிருந்து பொறுக்காமல், விரும்புகிறவர்களிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

2. அந்தப் பிள்ளையிடம் இரண்டு துளை போட்ட ஒரு கோப்பைக் கொடுங்கள். நாடகப் பிரதி, அட்டவணை, வருகைப் பதிவு, பொருள் பட்டியல் எல்லாம் அதில் சேரட்டும். நாடகம் முடிந்ததும் கோப்பு அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

3. நாடகத்தன்று விளக்கு, ஒலி, திரை ஆகியவற்றுக்கான கட்டளையை அந்தப் பிள்ளையே கொடுக்கட்டும். மின்சாரம், உயரத்தில் ஏறுதல் போன்றவற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளையை மட்டும் பறிக்காதீர்கள்.

4. சான்றிதழில் 'உதவினார்' என்று எழுதாதீர்கள். "பதினெட்டு நடிகர்கள் கொண்ட நாடகத்துக்கு மேடை மேலாளராகப் பணியாற்றினார்" என்று எழுதுங்கள். மை கூடுதலாக ஒரு வரிதான் செலவாகும்.

5. போட்டி நடத்தும் அமைப்புகள் மேடை மேலாண்மைக்கு ஒரு பரிசு வைக்கட்டும். நடுவர் ஒருவர் திரைக்குப் பின்னாலும் அமரட்டும்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். "என்ன வேடம்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "உன் கோப்பைக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை ஒவ்வொரு பக்கத்தையும் விளக்கிச் சொல்லும்போது, இது விளையாட்டா, படிப்பா என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

அந்த மாணவி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். பழைய நாடகப் பிரதிகளை நண்பர்களிடமிருந்து சேகரித்தாள். காணொளியை ஓடவிட்டு, ஒவ்வொரு விளக்கு மாற்றத்தையும் மீண்டும் குறித்தாள். பள்ளிப் பொங்கல் விழாவுக்குத் தான் வகுத்த நிகழ்ச்சி நிரலையும், விளையாட்டு விழாவுக்குத் தயாரித்த கால அட்டவணையையும் சேர்த்துக்கொண்டாள். பிற பணிகளில் காட்டிய ஒழுங்கும் சான்றுதானே! நான்கு ஆண்டுகளில் தானாகச் சேர்ந்திருக்கவேண்டிய தொகுப்பை மூன்று வாரங்களில் இரவு விழித்து உருவாக்கி, நேர்காணலுக்குப் போனாள். முடிவு இன்னும் வரவில்லை. தந்தையார் இன்னும் முழு மனத்தோடு சம்மதிக்கவில்லை. கையொப்பம் மட்டும் இட்டிருக்கிறார்.

அவளுக்கு இடம் கிடைக்குமா என்பது கல்லூரியின் கையில் இருக்கிறது. அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த மூன்று வார இரவுகள் தேவைப்படாமல் செய்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும்போது, கோப்பு யார் கையில் இருக்கப்போகிறது?

மாறுபட்ட கருத்துடைய ஆசிரியர்கள் தயங்காமல் சொல்லுங்கள், வாதிடக் காத்திருக்கிறேன்.